ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை

வண்ணாரப்பேட்டை ஸ்கேன் சென்டரில்
உறையை நீட்டிய பையன் சிரித்தான்.
"நார்மல்க்கா. ஸ்வீட் வாங்கிக் குடுங்க."
வாங்கினேன், கால் கிலோ மைசூர்பாகு.
ஷேர் ஆட்டோ மேம்பாலம் ஏறுவதற்குள்
அழுகை வந்துவிட்டது.

நார்மல் என்றால்
என் பிடரிக்குப் பின்னால்
மூட்டை கட்டி உட்கார்ந்திருப்பது யார்?
வயிற்றில் நாவல்பழச் சாறு வழிந்ததுபோல
இந்தக் கோடுகளைக் கிழித்தது யார்?
பஸ் கம்பியில் லேசாக உரசினால்
பத்து நாள் கறுத்துக் கிடக்கிறது கை.
துணி துவைக்கக் குந்தினால்
குழாயைப் பிடித்துக்கொண்டுதான் எழுகிறேன்.
முப்பத்தாறு வயது.

திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில்
கேட் பில் போடுகிறேன்.
புது செக்யூரிட்டி அட்டையைப் பார்த்தான்,
என்னைப் பார்த்தான்,
மறுபடி அட்டையை.
"தங்கச்சி கார்டா மேடம்?"

நாத்தனார், பிரியாணியைக் குறை என்றாள்.
பிரஷருக்கு ஒருவர் மாத்திரை எழுதினார்.
சுகருக்கு இன்னொருவர்.
தாடையில் முளைத்த முடிக்கு
தோல் டாக்டர் ஒரு களிம்பு.
"மனசைச் சந்தோஷமா வச்சுக்கோம்மா அமலோற்பவம்"
என்றார் ஒருவர்.
அதற்கும் முந்நூறு ரூபாய்.

பெரியாஸ்பத்திரியில் டாக்டர் வஹிதா
உறையைப் பிரிக்கவே இல்லை.
"பழைய போட்டோ இருக்கா?"
ஃபோனில் தேடித் தேடி எடுத்தேன்:
கல்யாணம்,
ரேஷன் கடை வரிசை,
மகளின் புதுநன்மை.
வருடம் வருடமாகத் தள்ளிப் பார்த்தார்,
என் முகம் நிலா மாதிரி
நிரம்பிக்கொண்டே வந்ததை.
பிறகுதான் ஸ்கேனை விளக்கில் பிடித்தார்.

"பட்டாணி அளவு சுரப்பி.
அதுக்குள்ள கடுகளவு கட்டி இருந்தா
படத்துல விழாம போகலாம்.
இல்லைங்கறது வேற,
தெரியலைங்கறது வேற."

மணலிக் காற்றில் பிள்ளை வளர்ப்பவளுக்கு
இதை இரண்டு தரம் சொல்ல வேண்டாம்.

இரவு பதினொன்றுக்கு இரண்டு மாத்திரை,
காலை எட்டுக்கு ரத்தம்.
அடங்க வேண்டியது அடங்கவில்லை.
ஐந்து லிட்டர் கேனில்
ஒரு நாள் முழுக்கச் சிறுநீர்.
அதை மடியில் வைத்து ஆட்டோவில் போனபோது
பக்கத்து ஆள் கேட்டார்: "நல்லெண்ணெயா?"
நடுநிசியில் கன்னத்தில் அதக்கிய பஞ்சு
ஃப்ரிட்ஜில், வஞ்சிரத் துண்டுகளுக்குப் பக்கத்தில்.
மகளிடம் சொன்னேன், அதைத் தொடாதே, அம்மாவின் எச்சில்.

விடை அந்தப் பஞ்சில் இருந்தது.
ஊரே தூங்கும் நேரத்தில்
தூங்க வேண்டிய சுரப்பு
எனக்குள் நைட் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டிருந்தது.

எங்கிருந்து?
எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்த வருடம்
என் அண்ணன் படகில் போய்
ஒவ்வொரு குழாய் வாயிலும்
ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து வந்தான்.
கரையில் நின்று பார்த்தால்
எல்லாத் தண்ணீரும் ஒரே கறுப்பு.
அதே வேலைதான் என் மேலும்.
இரண்டு தொடையிலும் நரம்புக்குள் குழாய்,
இடுப்பைத் தாண்டி, நெஞ்சைத் தாண்டி,
மூளைக்கு அடியில் இடமும் வலமும்.
விழித்துக்கொண்டுதான் கிடந்தேன்.
இரண்டு நிமிடம், ஐந்து, பத்து என்று
யாரோ எண்ண எண்ண
சின்னச் சின்னப் புட்டிகளில்
நான்.

"தலையிலேர்ந்துதான்" என்றார் வஹிதா.
"எந்தப் பக்கம்னு அடிச்சுச் சொல்ல முடியாது.
திறந்து தேடணும்."
சந்தோஷமாக இருந்தது.
வெளியில் சொன்னால் சிரிப்பார்கள்,
தலையில் கட்டி என்று கேட்டுச் சந்தோஷப்பட்டவள்.

ஆபரேஷனுக்கு இன்னும் பத்தொன்பது நாள்.
தூக்கமில்லை.
ஜன்னல் வழியே அந்த நாற்றம் வருகிறது,
அழுகிய முட்டையும் தீக்குச்சியும் கலந்து.
புகார் எண்ணுக்கு அடித்தேன்.
"இங்க ரீடிங் நார்மலா இருக்கே மேடம்."
"எத்தனை மணிக்கு எடுத்தது?"
"மத்தியானம்."

ராத்திரி பதினொன்றரைக்கு
வந்து எடுங்கள் என்றேன்.